கொக்கு வாயில் கல்

தேங்காய்ச் சில்லு என்றுதான் வசந்தாமணி சொன்னாள். இரவு வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த புருஷனிடம், இடது கண்ணை ஈரத் துண்டால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லீங், சட்டினிக்குத் தேங்கா ஒடச்சேன், சில்லு தெறிச்சுப்போச்சு" என்றாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண்ணிடமும் அதையே சொன்னாள். டாக்டரம்மாவிடமும் ஒரு சொல் மாறாமல் அதையேதான், மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னாள். இப்போது இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிகிறவரை திறக்கவே கூடாது என்று நாற்காலி வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மருந்து கன்னத்தில் மஞ்சளாக வழிகிறது. பக்கத்தில் புருஷன் வெள்ளியங்கிரி. அவன் கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் எதிர்ச்சுவர் டிவியில் யாரோ சிரிப்பதும், இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிற வாசனையும், மேலே சுற்றுகிற விசிறியும் எதுவும் அவனுக்குள் இறங்கவில்லை. வீட்டில் தேங்காய் இல்லை. அதுதான் திரும்பத் திரும்ப வந்து முட்டுகிறது. ஓடு இல்லை, நார் இல்லை, அம்மிப் பக்கம் ஒரு சொட்டு இளநீர் சிந்தவில்லை. இன்சூரன்ஸ் கார்டை எடுக்கப் பின்அறைக்குப் போனவன், அங்கே பார்த்ததைப் பார்த்துவிட்டு, கால் தானாக நடந்து சமையலறைக்குப் போய், மூடி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேங்காயைத் தேடினான். ஒரு மூடியாவது கிடைக்காதா என்று தேடினான். சாமி கும்பிடுகிற மாதிரி தேடினான். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்துவிட்டது.

பின்அறையில் பார்த்தது வேறொன்றுமில்லை, அவனுடைய சக்கரத்தைத்தான். அதைப் பற்றி யாரிடம் சொன்னாலும் கடைசியில் துப்பாக்கி என்ற சொல்லில் வந்து நிற்கும் என்பதால் அவன் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. தீப்பெட்டி இல்லாத காலத்தில் வெளிநாட்டுக்காரன் துப்பாக்கிக்கு நெருப்பு வைக்கக் கண்டுபிடித்த யந்திரம். பல் வெட்டிய சின்ன எஃகுச் சக்கரம் ஒன்று. அதன் அச்சில் சாவியைப் போட்டு முறுக்கினால் ஒரு துண்டுச் சங்கிலி இழுபட்டு, பட்டை ஸ்பிரிங் மடங்கி, சக்கரம் கொக்கியில் மாட்டி நிற்கும். மேலே கழுத்தை வளைத்த ஒரு கை. அதன் வாயில் மஞ்சளாய் மின்னும் ஒரு கல். கையைச் சக்கரத்தின்மேல் இறக்கிவிட்டு, கீழே துருத்தும் விசை நாக்கை இழுத்தால் சக்கரம் விர்ரென்று ஒரே ஒரு சுற்றுச் சுற்றும், கல் உரசும், பொறி பூவாய்க் கொட்டும். அவ்வளவுதான். அந்த வளைந்த கையைப் பார்த்த அன்றைக்கே கொக்கு என்று பெயர் வைத்துவிட்டான். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, புரியாத பாஷையில், பனி பெய்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கழற்றி மாட்டுகிற வீடியோவை, கணபதி ஏரியாவில், இரும்பைச் சுட்டுக் கடினமாக்குகிற ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் உலைக்கு முன்னால் காவல் இருக்கிற நேரத்தில் போனில் பார்த்துப் பார்த்து, பாஷை புரியாமலே விரலைப் படித்துக் கற்றுக்கொண்டான். குழாய் வைக்கவில்லை. வைத்தால் துப்பாக்கி, துப்பாக்கி என்றால் போலீஸ். பழைய ஜன்னல் சட்டத்துத் துண்டில் யந்திரத்தை மட்டும் பதித்து, உள்ளே நடப்பது தெரியட்டும் என்று முதுகுப் பக்கத்தை மூடாமல் விட்டிருந்தான். குண்டில்லை, மருந்தில்லை, ஒரு எறும்பைக்கூடக் கொல்லாது என்று சொல்லிக்கொண்டான். எறும்பைக் கொல்லாது. உலையில் கூட நிற்கிற ஆரோக்கியம் ஒருத்தனுக்குத்தான் கொஞ்சம் தெரியும். "டேய் வெள்ளிங்கிரி, உன்னையத் தூக்கி உள்ள போடறன்னிக்கு ஜாமீனுக்கு என்னையத் தேடாத. என்ற பேர்ல ஒரு ரேசன் கார்டுதான் இருக்குது, அதுலயும் போட்டோ எங்கப்பாவோடது" என்பான். சிரிப்பார்கள்.

துணி மடித்திருந்தது. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. யந்திரத்தின்மேல் அவன் போர்த்துவிட்டுப் போகிற பழைய லுங்கித் துண்டு, நாலாய் மடித்து, விளிம்புக்கு விளிம்பு பொருந்தி, பக்கத்தில் வைத்திருந்தது. அவனுக்கு எதையும் மடிக்கிற பழக்கமில்லை. சங்கிலி தொளதொளவென்று தொங்கிற்று. கொக்கு வாய் காலி. முந்தின நாள் சாயங்காலம் அவன் வைத்த புதுக் கல் அதில் இல்லை. கிட்டே போய்ப் பார்க்காமல், கதவைப் பிடித்துக்கொண்டு அவன் அப்படியே நின்றான். மூளைக்குள் ஏதோ சத்தமில்லாமல் கழன்று, மாசக்கணக்கில் அவன் போட்டுவைத்திருந்த கணக்கெல்லாம் ஒரே சமயத்தில் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. மாசக்கணக்கில் அவன் அந்த யந்திரத்தில் ஒரு கோளாறைத் தேடிக்கொண்டிருந்தான். புதுக் கல் வைப்பான், ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பான், பொறி பிரமாதமாக வரும், மனசு நிறைந்து துணியைப் போர்த்திவிட்டு வேலைக்குப் போவான். மறுநாள் வந்து இழுத்தால் பொறி சோனியாய் இருக்கும். கல்லின் விளிம்பு மழுங்கி, சக்கரத்துப் பல்லில் கருமஞ்சள் தூள் அடைந்திருக்கும். சும்மா இருந்த கல் எப்படித் தேயும்? கல் மட்டம் என்று நினைத்தான். பேரூர் போகிற வழியில் ராசிக்கல் கடையில்தான் அந்தக் கல் கிடைக்கும், வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று விற்பார்கள். அவன் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "என்னங்ணா, போன கல்லு நல்லா வேல செய்யுதாட்ட இருக்குது? காடு தோட்டம் வாங்கிப் போட்டீங்களா? நம்மளையும் கொஞ்சம் நெனச்சுக்குங்" என்று கண்ணடிப்பார். கல் மட்டமில்லை என்றதும் சக்கரம் மிருது என்று நினைத்தான், அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி கடினமாக்கினான். பிறகு கொக்கு அழுத்தம் ஜாஸ்தி என்று நினைத்துக் குறைத்தான். கடைசியில் ஸ்பிரிங் போதவில்லை, சக்கரம் மெதுவாய்ச் சுற்றுவதால்தான் கல் அரைபடுகிறது என்று முடிவு கட்டி, லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டிப் பழையதைவிடத் தடியாகப் புது ஸ்பிரிங் அடித்தான். பழுக்கவைத்து எண்ணெயில் முக்கி, திரும்ப இளஞ்சூட்டில் வைத்து, எஃகின் மேல் நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். ஸ்பிரிங்குக்கு நீலம் வரவேண்டும். ஊதா தொடங்கும்போதே எடுத்துவிட்டான். இன்னும் கொஞ்சம் முறுக்காக இருக்கட்டுமே, இந்தக் கோளாறை ஒரு வழி பண்ணிவிடலாம் என்று ஒரு ஆங்காரம். இரும்பைச் சந்தேகப்பட்டான், கல்லைச் சந்தேகப்பட்டான், எண்ணெயைச் சந்தேகப்பட்டான். அவன் வேலைக்குப் போனபிறகு அந்த அறைக்குள் ஒரு ஆள் வந்து, துணியை மடித்து வைத்துவிட்டு, இழுத்து இழுத்துப் பொறி பார்க்கிறாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கோளாறே இல்லை. ஒரு நாளும் கோளாறு இருந்ததே இல்லை.

"ஏந்தம்பி, ஊட்ல சண்டைங்களா?" அடுத்த நாற்காலியில், கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி தொங்கவிட்ட பெரியவர் குனிந்து கேட்டார். வெள்ளியங்கிரி திடுக்கிட்டுத் திரும்பினான். "இல்லீங்." "இல்ல, புள்ளயோட கண்ணப் பாத்தன். எங்கூரு மாரப்பனும் இப்படித்தான், பொண்டாட்டி மாடு முட்டிப்போட்டுதுன்னு சொன்னா. அவங்கூட்ல மாடே இல்ல." பெரியவர் தானே சிரித்துக்கொண்டார். வெள்ளியங்கிரிக்குக் காது சுட்டது. மாடே இல்லை. தேங்காயே இல்லை. வசந்தாமணி மூடிய கண்ணைத் திறக்காமலே, "அதெல்லாம் பயப்படாதீங்யா. இவரு கை ஓங்கோணும்னா மொதல்ல என்ற பக்கம் திரும்பிப் பாக்கோணுமல்லங்" என்றாள். பெரியவருக்கு இதில் எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை. டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சொன்னது அங்கேயே, ரெண்டு நாற்காலிக்கும் நடுவில், யாரும் எடுக்காத பையைப்போலக் கிடந்தது. திரும்பிப் பார்க்கவில்லையா? தினமும்தான் பார்க்கிறான். விடிந்ததும் வருவான், அவள் சோறு போடுவாள், சாப்பிட்டுப் படுப்பான், எழுந்திருக்கும்போது அவள் துணி துவைத்துக்கொண்டோ காய் நறுக்கிக்கொண்டோ இருப்பாள், சாயங்காலம் சக்கரத்தோடு உட்காருவான், இருட்டினால் கிளம்புவான். மகள் ஓசூரில் வேலைக்குப் போனபிறகு வீட்டில் பேச்சு என்பது உப்பு, பால், கேஸ். ராத்திரியை அவன் தன்னுடையதென்றே வைத்திருந்தான். உலை, எண்ணெய்ப் புகை, தெருநாய், போன் வெளிச்சம், தூங்காத ஒரு ஆள். மற்றவர்கள் எல்லாரும் தூங்குகிறார்கள். அவள் தூங்குகிறாள். அவள் ராத்திரியில் என்ன செய்வாள் என்ற கேள்வியே ஒருநாளும் எழவில்லை. ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "உங்க கொக்குக்கு இன்னைக்கு எரை போட்டாச்சா?" என்று கேட்டாள். கிண்டல் என்று காதில் வாங்காமல் விட்டான். கொக்கு என்ற பெயரை அவளிடம் சொன்னதாக ஞாபகமில்லை. அவளும் அதையே பார்த்திருக்கிறாள், அவளுக்கும் அது கொக்காகத்தான் தெரிந்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அந்த அறையில் அவள் உட்கார்ந்திருப்பதை இப்போது நினைத்துப் பார்த்தான். ஒரு இழுப்பு, ஒரு பூ. அவள் முகம் ஒரு கணம் தெரிந்து மறைகிறது. சிரிக்கிறாளா, அழுகிறாளா, அந்த ஒரு கண வெளிச்சத்தில் பிடிபடவில்லை.

டாக்டரம்மா கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். நல்ல பொறுமையான அம்மா. கருவிக்குள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கருமணி ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரியுது, உள்ள ஏதோ போயிருக்கு என்றார். "கரெக்டா சொல்லணும்மா. தேங்காய் ஓடுன்னா எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐ எடுத்துப் பாக்கலாம். இரும்பா இருந்தா அந்த மெஷின் பக்கமே போகக் கூடாது. அது பெரிய காந்தம். உள்ள இருக்கிறதை இழுத்துட்டா கண்ணு போயிரும். தேங்காய்தானே?" "தேங்காதானுங்" என்றாள் வசந்தாமணி. டாக்டரம்மா அவனையும் பார்த்தார். அவன் தலை ஆடியது. அவன் ஆட்டவில்லை, அதுவாக ஆடியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. பக்கத்து மேசையில் அப்போதுதான் ஒரு நர்ஸ் யாரிடமோ, அடிதடி, வெடி, துப்பாக்கி, இதெல்லாம்னா போலீஸுக்கு எழுதி அனுப்பணும்ங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போலீஸ் வரும், பின்அறையைத் திறக்கும், பட்டறையில் கேட்கும், முதலாளி போய்விடு என்பார், ஓசூருக்குப் போன் போகும், உங்கப்பன் துப்பாக்கி செஞ்சானாமா. இல்லை, அது கல்தான். கல்லாகத்தான் இருக்கவேண்டும். முதலில் கொக்கை இறக்கி வைத்துவிட்டு அப்புறம் முறுக்கியிருப்பாள். யாரும் சொல்லித்தராமல் தொட்டால் அப்படித்தான் ஆகும். முறுக்கி முடித்தபிறகுதான் கல்லைக் கொக்கு வாயில் வைக்கவேண்டும், அதற்குப்பிறகுதான் கொக்கு இறங்கவேண்டும், அவன் ஒருநாளும் வரிசை மாறியதில்லை. அவள் மாற்றியிருப்பாள், கொக்கி நழுவியிருக்கும், சக்கரம் சுற்றிக் கல் நொறுங்கித் தெறித்திருக்கும். பட்டறைக் காந்தத்தில் அந்தக் கல்லை ஒருநாள் வைத்துப் பார்த்திருக்கிறான். ஒட்டவில்லை. ஆக காந்தம் ஒன்றும் செய்யாது. ஆக தேங்காய் என்றாலும் ஒன்றுதான், கல் என்றாலும் ஒன்றுதான். ஆக வாயைத் திறக்கத் தேவையில்லை. இப்படி ஒவ்வொரு ஆகவாக வைத்துப் படியேறிப் போய் உச்சியில் நிற்கும்போது, சக்கரத்துப் பல்லில் ஒன்று பெயர்ந்திருந்தால் என்று ஒரு நினைப்பு காலைத் தட்டிவிடும். மறுபடி கீழே வந்து தேங்காயிலிருந்து தொடங்குவான். நடுவில் இன்னொரு முடிச்சு. சாவி. சாவி அவன் பேண்ட் பாக்கெட்டில் இருக்கிறது. எப்போதும் அவனோடேதான் பட்டறைக்கு வரும், இப்போதும் தொடையில் உறுத்துகிறது. நீளக் கைப்பிடி போட்டு அவனே செய்த சாவி, முறுக்கும்போது முகம் ஒரு முழம் தள்ளியே இருக்கும். சாவி அவனிடம் இருந்தால் அவள் எதை வைத்து முறுக்கினாள்? அப்போது அவளாக இருக்க முடியாதே. அப்போது தேங்காய்தானோ? ஒரு கணம் நெஞ்சு லேசாகி, அடுத்த கணம் நாலாய் மடித்த துணி ஞாபகம் வந்து மறுபடி கனத்தது.

"வசந்தாமணி யாருங்க?" ஒரு நர்ஸ் பெண் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, டாக்டர் ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. எம்ஆர்ஐ ரூம் கீழ. மெட்டல் எதுவும் மேல இருக்கக் கூடாது. தோடு, வளையல், மெட்டி, தாலி, ஹேர்ப்பின் எல்லாம் கழட்டி சார்ட்ட குடுத்துருங்க. கண்ணத் தொறக்காம செய்யுங்கம்மா." வசந்தாமணி தடவித் தடவிக் கழற்றினாள். தோடு. வளையல். கொண்டை ஊசி ஒவ்வொன்றாக. அவன் ரெண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றான், கோயிலில் பொரி வாங்குகிறவன்போல. கடைசியில் தாலிக்கொடியை ரவிக்கைக்குள்ளிருந்து இழுத்தாள். கொடியில் எப்போதும்போல நாலைந்து ஊக்குகள் கோத்திருந்தன. அவள் விரல் ஊக்குகளின் நடுவில் ஓரிடத்தில் போய் நின்றுவிட்டது. மூடிய இமைக்குள் கண் அசைந்தது. கழற்றி எடுத்துவிடுவாள்போல இருந்தது. எடுக்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, கொடியை அப்படியே தலைவழியாகக் கழற்றி அவன் கையில் வைத்தாள். ஊக்குகளுக்கு நடுவில் ஒரு பித்தளைச் சாவி. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார்களே, பட்டாம்பூச்சி மாதிரித் தலையும் சதுரத் துவாரமும், அது. அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது. துவாரத்தின் உள்விளிம்பை யாரோ அரம் போட்டு அவன் சக்கரத்து அச்சுக்கு அளவாக்கியிருந்தார்கள். கைப்பிடியே இல்லாத குட்டிச் சாவி. இதை வைத்து அந்தத் தடி ஸ்பிரிங்கை முறுக்கவேண்டுமானால் ரெண்டு கையும் வேண்டும், மேலே கவிழ்ந்து, முகத்தை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் முறுக்கவேண்டும். முந்தின நாள்தான் புது ஸ்பிரிங் போட்ட விஷயம் அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்திருப்பாள். கையில்தான் பலம் இல்லை என்று நினைத்திருப்பாள். அதற்குள் நாற்காலி நகர்ந்து லிப்ட் வாசலுக்குப் போய்விட்டது. "சிஸ்டர்" என்றான். நாற்காலி நிற்கவில்லை. கையிலிருந்த கொண்டை ஊசியெல்லாம் சிதற ஓடிப்போய் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "சிஸ்டர், வேண்டாங். அது தேங்கா இல்லீங்." "பின்ன?" "துப்பாக்கிங்." கூடத்தில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பெரியவர் நல்ல கண்ணைப் பெரிதாகத் திறந்து பார்த்தார். "துப்பாக்கி இல்லீங், துப்பாக்கியோட சக்கரம். நான் செஞ்சதுங். கல்லோ... இரும்போ உள்ள போயிருக்குதுங்." நர்ஸ் பெண் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு, டாக்டரம்மா அறையை நோக்கி ஓடினாள்.

வசந்தாமணி கண் திறக்கவில்லை. முகத்தை மட்டும் அவன் குரல் வந்த பக்கம் திருப்பினாள். "எப்பத் தெரிஞ்சுது?" அவன் தரையில் மண்டியிட்டு ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். "கார்டு எடுக்கப் போனப்ப." "இந்தச் சாவி?" என்றான், கேட்காமல் இருக்க முடியாமல். "காந்திபுரத்துல கடியாரக் கடையில. சக்கரத்து அச்சை மெழுகுல பதிச்செடுத்துட்டுப் போனேன்." மெழுகு. அது அவனுக்கே தோன்றியிருக்குமா? அதற்குள் டாக்டரம்மா வேகமாக வந்துவிட்டார், வெள்ளைக் கோட்டுப் பொத்தான் போடாமல். "கல்லா, இரும்பா? எனக்கு ஒரே வார்த்தைல சொல்லுங்க." "கல்லுங். கல்லாத்தானுங் இருக்கோணும். கொக்கை... அந்தக் கையை மொதல்லயே எறக்கி வெச்சுட்டு முறுக்கியிருப்பா, கல்லு நொறுங்கி..." வசந்தாமணி முந்தானையைத் தேடி எடுத்து, அதன் முனையில் போட்டிருந்த முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். உள்ளே கல் இருந்தது. முழுசாக, ஒரு மூலை குறையாமல், ஆஸ்பத்திரி வெளிச்சத்தில் மஞ்சளாய் மின்னிக்கொண்டு. அதைத் தடவி அவன் கையில் வைத்தாள். "கல்லு இங்கதானுங்க இருக்குது. இதக் கழட்டி முடிஞ்சு வெச்சுக்கிட்டு, முறுக்கி முடிச்சப்பறந்தான் திருப்பி வெப்பேன், இவரு செய்யற மாதிரியே. கதவுச் சந்துல நின்னு அம்புட்டு நாள் பாத்திருக்கறனல்லங். முறுக்கறப்பவே உள்ள டொப்புன்னு ஒடஞ்சுது. ஸ்பிரிங்குங்." ஊதா. நீலம் வரும்வரை பொறுத்திருந்தால் வளைந்து கொடுத்திருக்கும். ஊதாவிலேயே எடுத்தான், இல்லாத கோளாறுக்கு, ஆங்காரத்தோடு. "எஃகுங்" என்றான். "எஃகுதானுங் அம்மா." "எம்ஆர்ஐ கேன்சல். எக்ஸ்ரே எடுத்துட்டு நேரா தியேட்டருக்குக் கொண்டு வாங்க" என்றார் டாக்டரம்மா நர்ஸிடம். அவனை ஒரு கணம் பார்த்தார், அவ்வளவுதான். நாற்காலி வேறு பக்கமாகத் திரும்பிற்று. திரும்பும்போது வசந்தாமணி கண்ணைத் திறந்துவிட்டாள். வலது கண் முழுக்க ஒரே கறுப்பாக விரிந்து கிடந்தது. அதில் அவன் எங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவனுக்குக் கொஞ்சம் இடதுபுறமாக, காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கள மாட்டிவிட்றக் கூடாதுன்னு நான் பொய் சொன்னேன். நீங்க ஆரக் காப்பாத்தறதுக்குங் சும்மா இருந்தீங்க?" நாற்காலிக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. அவனுடைய ஒரு கையில் கல், ஒரு கையில் சாவி.